கொஞ்சம் மோந்து பாரேன்

லைட்டரை எடுத்த கை அடுப்புக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது. இந்திராணி இன்னொரு கையால் அடுப்பின் குமிழைத் தொட்டாள், திருப்பவில்லை. பாலைப் பாத்திரத்தில் ஊற்றியாயிற்று, டிகாக்ஷன் காலையிலேயே இறங்கியாயிற்று, ஹாலில் மாமனார் ஏகாம்பரம் இரண்டு முறை கனைத்தும் ஆயிற்று. நாலு மணிக் காபிக்கு இந்த வீட்டில் அந்தக் கனைப்புதான் மணி. மூன்றாவது கனைப்புக்குள் டம்ளர் போய்ச் சேரவில்லை என்றால் "ஏம்மா, மறந்துட்டியா?" என்று குரல் வரும். மறக்கவில்லை மாமா, ஞாபகம்தான் வரமாட்டேன் என்கிறது. காலையில் கூட்டு கொதித்து முடிகிற சமயத்தில் நெருப்பு நீலம் போய் மஞ்சளாகிச் சிணுங்கி அணைந்தது. காலி சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பால்கனியில் இருந்த புதுசை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினது இவள்தான். அதற்குப் பிறகு இந்த அடுப்பைப் பற்றவைக்கப்போவது இதுதான் முதல் தடவை. மாட்டினது நன்றாக ஞாபகம் இருக்கிறது, இடுப்பு இன்னும் வலிக்கிறது. மாட்டின பிறகு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாளா? எப்போதும் தடவுகிறவள்தான். புருஷனுடைய பழைய ஷேவிங் பிரஷ்ஷை அதற்கென்றே சிங்க்குக்கு அடியில் வைத்திருக்கிறாள். தடவியிருப்பாள். தடவாமல் இருப்பாளா? மூச்சை ஆழமாக இழுத்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இருக்காது. இந்த மூக்குக்கு முன்னால் மீன் மார்க்கெட்டையே கொண்டுவந்து கொட்டினாலும் ஒன்றும் இருக்காது.

மூக்கு என்னவோ லட்சணமாகத்தான் இருக்கிறது, ஒற்றைக்கல் மூக்குத்தியோடு. வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஊரடங்கு சமயத்துக் காய்ச்சலில் இந்த வீட்டில் வரிசையாக வாசனை போனது. புருஷன் தயாளனுக்குப் போய் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. மகள் மோனிஷாவுக்கு அதற்கும் முன்னாலேயே. மாமனாருக்குப் போகவே இல்லை. காலமெல்லாம் மூக்குப்பொடி போட்டவரைப் பார்த்து அந்தக் கிருமியே பயந்து ஓடியிருக்கும். இவளுக்குப் போனது போனதுதான், இன்றுவரை. சொல்லாமலா இருந்தாள்? சோறு போடும்போது சொன்னாள், படுக்கும்போது சொன்னாள், மாத்திரை வாங்கிவரச் சொல்லும்போது சொன்னாள். "எனக்கும்தான் போச்சு, வந்துடுச்சே. உனக்கும் வந்திருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்டே" என்றான் தயாளன். வந்ததைக் கவனிக்காமல் இருக்க அது என்ன ஆள் இல்லாதபோது வாசலில் போட்டுவிட்டுப் போகிற கொரியரா? மாமனார் ஆவி பிடிக்கச் சொன்னார். மகள் "போம்மா, சும்மா சொல்றே" என்றாள். மூக்கு டாக்டர் ஒருத்தர்தான் நம்பினார், அவரும் வரலாம், வராமலும் போகலாம் என்று இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், நீலகிரித் தைலம், ரோஜா, நாலையும் நாலு பாட்டிலில் போட்டு தினமும் மோந்து பழகச் சொன்னார். ஜன்னல் ஓரத்தில் நாலு பாட்டிலும் இருக்கின்றன. தினம் காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துப் பார்க்கிறாள். கிராம்பும் எலுமிச்சையும் ஒரே வெறுமைதான், தைலம் மட்டும் கண்ணைக் கரிக்கும். "என்னம்மா, நீயும் பொடி போட ஆரம்பிச்சுட்டியா?" என்று மாமனார் சிரிப்பார். சிரித்த வாய் மூடுவதற்குள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து இவள் முகத்துக்கு நேராக நீட்டுவார். "இந்த மோர் கெட்டுப்போச்சா? கொஞ்சம் மோந்து பாரேன்."

ஐயோ, அந்த நீட்டல். கையைக் காலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், அடுப்பண்டை போகாதே என்பார்கள். இது தெரியாத ஊனம். நாள் முழுக்க யாராவது எதையாவது கொண்டுவந்து நீட்டுகிறார்கள். பால், மாவு, நேற்றைய குழம்பு, ஈரத் துண்டு, மோனியின் பள்ளிக்கூட காலத்து லஞ்ச் பை. இந்த வீட்டுக்கு மூக்கு ஒன்றே ஒன்றுதான், அது அம்மா முகத்தில் இருக்கிறது, அதற்கு ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது. இவளும்தான் என்ன செய்வாள், நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துச் சொல்வாள். கூட்டைக் கரண்டியால் தூக்கி நூல் விடுகிறதா என்று பார்ப்பாள். சாதம் அடிப்பிடிக்கப்போவது காதுக்குத் தெரியும், கொதிக்கிற தளதளப்பு போய் ஒரு வறட்டு முணுமுணுப்பு வரும். மிளகாய் கருகினால் தொண்டை சொல்லிவிடும், இருமலாவது மிச்சம் இருக்கிறதே. சந்தேகம் என்றால் கொட்டிவிடுவாள், கொட்டினால் "நல்ல சாம்பாரைக் கொட்டுறியே, வீடா சத்திரமா?" என்பார் மாமனார். கொட்டாமல் விட்ட ஒரே ஒரு நாள்தான் நாத்தனார் தமயந்தி குடும்பத்தோடு வந்திருந்த அந்தச் சித்திரை மாதத்து நாள். தேங்காய்த் துவையல், முந்தின நாள் அரைத்தது, ஃபிரிட்ஜில் வைத்ததாக நினைத்தாள், மேடையிலேயே இருந்திருக்கிறது. பந்தி மாதிரி கூட்டம், நாக்கில் வைத்துப் பார்க்க நேரமில்லை. சாயங்காலம் தமயந்தியின் பையன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். "என்ன அண்ணி, உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றாள் தமயந்தி. "இல்லை" என்றாள் இந்திராணி. எல்லோரும் சிரித்தார்கள். தயாளன்தான் முதலில் சிரித்தான்.

"ஹ்க்கும்" என்று மூன்றாவது கனைப்பு வந்துவிட்டது. இதோ மாமா, வருகிறது. லைட்டரை அழுத்தினால் ஒரு பொறி, பொறி போதும். அடுப்பு பற்றினால் காபி, இல்லாவிட்டால்? ஜன்னலைப் பார்த்தாள், சாத்தியிருக்கிறது. காலையிலிருந்தே சாத்தியிருக்கிறது, கீழ் வீட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள், மாவு மாதிரி தூசி மேலே வருகிறது என்று இவள்தான் சாத்தினாள். பின் தெருவில் போன ஆவணியில் ஒரு வீடு இப்படித்தான் போனது. அம்பத்தூரில் பாதிப் பேர் போய்ப் பார்த்தார்கள், இவளும் போனாள். சமையலறைச் சுவர் தெருவில் கிடந்தது, ஃபிரிட்ஜ் கதவு தனியாக வேப்பமரத்தடியில் கிடந்தது, உள்ளே சுவரில் மாட்டின நாள்காட்டி மட்டும் நேராகத் தொங்கியது. அடுப்பைப் பற்றவைத்த அந்த வீட்டுப் பெண் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், ஹாலில் படுத்திருந்த அவள் மாமியார் பிழைக்கவில்லை. கூட்டத்தில் நின்ற பொம்பளைகள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "கேஸ் வாடை தெரியாம இருக்குமா? பத்தவைக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாத்திருக்க வேணாமா?" புருஷன்காரனை யாரும் கேட்கவில்லை, அந்த வீட்டில் இருந்த வேறு எந்த மூக்கையும் யாரும் கேட்கவில்லை. இந்திராணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள், மற்றவர்கள் மூடியிருந்தார்களே என்று. அவளுக்கும் என்னைப் போல இருந்திருந்தால்? அவளும் வீட்டில் சொல்லியிருப்பாள், ஆவி பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். ஹாலில் இங்கேயும் ஒரு வயசானவர் உட்கார்ந்திருக்கிறார். அறைக்குள் இவள் பெற்ற ஒரே பெண் படுத்திருக்கிறாள். லைட்டர் வழுக்கியது, உள்ளங்கை அவ்வளவு வியர்த்திருந்தது. "மோனி!" என்று கூப்பிட்டாள். "மோனி, கொஞ்சம் இங்க வந்து மோந்து பாத்துட்டுப் போயேன்!" காலேஜ் லீவு விட்டதிலிருந்து காதில் எந்நேரமும் எதையாவது செருகியிருக்கிற பெண்ணுக்கு அது எப்படி விழும்? "ரெண்டு நிமிஷம்மா!" என்று பதில் வந்தது. என்ன கேட்டதோ, எதற்கு ரெண்டு நிமிஷமோ. "மாமா, நீங்களாவது ஒரு நிமிஷம் வாங்களேன்" என்றாள் ஹால் பக்கம் திரும்பி. "கொண்டா, கொண்டா" என்றார் அவர், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சரி, நீயே யோசி. யோசித்தால் வரும். சிலிண்டரின் பிளாஸ்டிக் மூடியைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், அது சுண்டி விரலில் பட்டது. உள்ளே கறுப்பு வாஷர் இருக்கிறதா என்று சுண்டுவிரல் விட்டுப் பார்த்தாள், இருந்தது. ரெகுலேட்டரை வைத்து அழுத்தினாள், டக்கென்று உட்கார்ந்தது. அப்புறம் கிண்ணத்தில் சோப்பு கரைத்தாள், பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் தடவினாள், குமிழி வரவில்லை. இல்லை, இரு. அன்றைக்கு மோனி பின்னால் வந்து நின்று "பர்த்டே பபிள்ஸ் மாதிரி இருக்கும்மா" என்றாளே, அது போன சிலிண்டர். அதற்கு முந்தின தடவை தயாளன் வந்து "என் பிரஷ்ஷை எடுத்து என்ன பண்றே?" என்று சண்டை போட்டது. ஒவ்வொரு சிலிண்டரும் ஒரே மாதிரி சிவப்பு, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி குனிந்து, நேற்று தேய்த்த பாத்திரம் எது இன்று தேய்த்த பாத்திரம் எது என்று யாரால் சொல்ல முடியும்? முன்னெல்லாம் இந்த அவஸ்தையே கிடையாது. உள்ளே நுழையும்போதே மூக்கு எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்துவிடும், இவள் கேட்காமலே. பால் பொங்கப்போகிறது, மாவு புளித்துவிட்டது, மழை வரப்போகிறது, மோனிக்குக் காய்ச்சல் அடிக்கப்போகிறது. ஆமாம், காய்ச்சல் வருகிற முந்தின ராத்திரியே குழந்தையின் உச்சந்தலையில் ஒரு பச்சைத் தகரவாடை வரும், இவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்தத் தலையில் முகம் வைத்தால் தலைமுடி குத்துகிறது, அவ்வளவுதான். பெற்ற பெண்ணின் வாசனை எப்படி இருக்கும் என்பது மறந்துபோய்விட்டது, யாரிடம் போய் இதைச் சொல்லி அழுவது? தன்மேல் வியர்வை நாறுகிறதோ என்று பஸ்ஸில் ஒதுங்கி ஒதுங்கி நிற்கிறாள், அதை யாரிடம் கேட்பது? கொஞ்சம் மோந்து பாரேன் என்று இவள் யாரிடம் போய்த் தோளை நீட்டுவது? சோப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், எங்கே போகிறது இந்தப் புத்தி. ரெகுலேட்டரை அழுத்தினாள், டக்கென்றது, பிறகு அதன் குமிழைத் திருப்பித் திறந்தாள். ஏன் திறந்தாள்? சமையல்தான் முடிந்துவிட்டதே. சமையல் முடிந்தால் மூடிவைக்கிற பழக்கக்காரி, திறந்தது எதற்கு? சோப்புத் தண்ணீருக்குத்தான். கேஸ் வந்தால்தானே குமிழி வரும். திறந்துவிட்டு பிரஷ்ஷுக்காகக் குனிந்தாள், குனியும்போது போன் அடித்தது.

போன். தயாளன். ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறான். "இந்து, இட்லிக்கு வச்ச சட்னி ஒரு மாதிரி வாடை அடிக்குது. சாப்பிடலாமா?" அடப்பாவி. அம்பத்தூரில் இருக்கிற மூக்கைக் கிண்டியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான். "உங்க மூக்குக்கு முன்னாடிதானே இருக்கு, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். "தெரியுது, இருந்தாலும் நீ காலையில மோந்து பாத்துத்தானே வச்சிருப்பே?" என்றான் அவன். அவளுக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு போனைச் சுவரில் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. சாப்பிட வேண்டாம், மூடிவையுங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டில் மிச்சம் இருந்த சட்னி எப்படி இருக்கிறதோ என்று ஹாலில் இருக்கிற ஃபிரிட்ஜுக்கு ஓடினாள், ஏனென்றால் மாமனார் இன்னும் சாப்பிடவில்லை. அதை நாக்கில் வைத்துப் பார்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது வாஷிங் மெஷின் கத்தியது. துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மாடியில் எதிர்வீட்டு ரெஜினா அக்கா பிடித்துக்கொண்டாள். அப்புறம் மத்தியானச் சாப்பாடு, எல்லாம் காலையிலேயே செய்து வைத்தது, அடுப்பண்டை போக வேலையே இல்லை. அப்படியானால், கடவுளே, அப்படியானால் காலையிலிருந்து அந்தக் குமிழ் திறந்தபடிதான் இருக்கிறது. லைட்டரை மேடைமேல் வைத்தாள், பிறகு மேடைமேல் வேண்டாம் என்று பால்கனிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். சிங்க்குக்கு அடியிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். அதன் மயிர் விறைத்துக் காய்ந்து கிடந்தது. இன்றைக்கு அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை.

குனிந்து உட்கார்ந்தாள். முழங்கால் கடகடத்தது. சோப்பைக் கரைத்த கையோடு ரெகுலேட்டரும் சிலிண்டரின் கழுத்தும் சேருகிற இடத்தில் பிரஷ்ஷை வைத்தாள், இருக்காது, ஒன்றும் இருக்காது, வீணாகப் பயப்படுகிறேன், இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே. முதல் குமிழி கடுகளவு வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வளையம் முழுக்கக் குமிழிகள் எழும்பி, பெருத்து, உடைந்து, மறுபடி எழும்பின. சத்தமே இல்லை, வாசனையே இல்லை. சோறு வடிக்கும்போது கஞ்சி கொப்புளிக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது. கைக்கு வேலை தெரியும். குமிழை மூடினாள். ரெகுலேட்டரைக் கழற்றினாள். கயிற்றோடு தொங்கிய பிளாஸ்டிக் மூடியை வால்வின் தலையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். ஜன்னலைத் திறந்தாள், தூசி வந்தால் வரட்டும், மலையே வரட்டும். பால்கனிக் கதவையும் விரியத் திறந்துவைக்கத் திரும்பியபோது வாசற்படியில் மோனிஷா நின்றுகொண்டிருந்தாள், ஒரு காதில் மட்டும் செருகியபடி. "என்னம்மா இது, இப்படி நாறுது" என்று முகத்தைச் சுளித்தாள், சுளித்துக்கொண்டே எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைப் போட வலது கையை நீட்டினாள்.

"கையை எடுடி!" இந்திராணி பாய்ந்த வேகத்தில் பெண்ணின் கை சுவரில் மோதியது. சுவிட்ச் அப்படியே இருந்தது. "எதுக்கு அடிக்கிறே? நாறுதேன்னுதானே போடப்போனேன்!" மோனிஷாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் பொறி வரும், பொறி வந்தால் நீயும் இல்லை நானும் இல்லை என்று சொல்ல இந்திராணிக்கு மூச்சு போதவில்லை. விரலால் சிலிண்டரைக் காட்டினாள், குமிழிகள் இன்னும் சில மினுக்கிக்கொண்டிருந்தன. பெண் பார்த்தாள். முகம் வெளுத்தது. "லீக்காம்மா? அதான் அப்பவே வாடை வந்துச்சு." எப்போது? "காலையில, நீ மாடியில துணி காயப்போடப் போனப்ப. மத்தியானமும் வந்துச்சு. ரூம் வரைக்கும் வந்துச்சும்மா." இந்திராணி அவளைப் பார்த்தபடி நின்றாள். "வந்துச்சுன்னா ஏன் சொல்லலை?" மோனிஷா காதில் இருந்ததைக் கழற்றினாள். "நீதானே கிச்சன்லயே இருக்கே. உனக்குத் தெரியாமலா இருக்கும், நீ பாத்துக்குவேன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதற்குள் மாமனார் டம்ளர் வராத கோபத்தில் தானே எழுந்து வந்திருந்தார். விஷயம் கேட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓ, அதுவா?" என்றார். "எனக்கும்தான் வாடை வந்துச்சு. முட்டைக்கோஸ் வேகவைக்கிறேன்னு நினைச்சேன். ராத்திரிக்கு முட்டைக்கோஸ் வேணாம், வாயுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் செருப்பு போடக்கூட விடாமல் படியிறக்கி, மெயின் சுவிட்ச் படிக்கட்டுக்கு அடியில்தான் என்பதால் அதையும் அணைத்துவிட்டு, தெருவில் நின்று கேஸ் ஏஜென்சிக்கு போன் செய்தாள். ரெஜினா அக்கா வீட்டிலிருந்து நாற்காலி வந்தது மாமனாருக்கு, காபியும் வந்தது. டைல்ஸ் அறுக்கிற சத்தத்தைப் போய் நிறுத்தச் சொன்னாள், அவர்களும் முனகிக்கொண்டே நிறுத்தினார்கள். பெண் பக்கத்தில் வந்து நின்றாள், கையைப் பிடித்துக்கொள்ள வந்த மாதிரி இருந்தது, இவள் கையைக் கொடுக்கவில்லை. கோபம் யார்மேல் என்று பார்த்தால் பெண்மேல் இல்லை, கிழவர்மேலும் இல்லை. இந்த வீட்டில் மூன்று பேருக்கு நல்ல மூக்கு இருக்கிறது. ஒருத்தருக்கும் அது தன் மூக்கு என்று தெரியாது. நாற்றம் மூக்கில் ஏறுகிற வரைக்கும் ஏறும், ஏறினதும் அங்கிருந்து நேராக அம்மா தலைக்குப் போய்விடும், இவர்கள் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். நான் சமைக்கிறேன், சரி. துலக்குகிறேன், சரி. உங்கள் எல்லோருக்காகவும் மூச்சும் நானே விட வேண்டுமா? ஏஜென்சி ஆள் வந்து, மேலே போய், கொஞ்ச நேரம் கழித்து விரலில் ஒரு கறுப்பு வளையத்தோடு இறங்கி வந்தான். வாஷரில் ஒரு பக்கம் கீறல், தொட்டுப் பார்த்தால் தெரியாத கீறல். வேறு போட்டுவிட்டானாம், தடவியும் பார்த்துவிட்டானாம், ஆனாலும் சாயங்காலம் வரை ஜன்னல் திறந்தே இருக்கட்டும் என்றான். கிளம்பும்போது இவளைப் பார்த்து, "வாடை நல்லாவே வந்திருக்குமேக்கா, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டான். மோனிஷா வாயைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

தயாளன் வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. மெயின் சுவிட்சைப் போட்டு, எல்லோரும் மேலே வந்து, வீடு வீடாகிவிட்டது. ஆனால் அடுப்பை இன்னும் யாரும் பற்றவைக்கவில்லை. இந்திராணி ஹாலில் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அது அவள் என்றும் உட்காராத நாற்காலி. கீழேயே ரெஜினா அக்கா எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிட்டிருந்தாள் போல, தயாளன் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பாடா, நல்லவேளை. நீ மட்டும் மோந்து கண்டுபிடிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?" என்றான். நிஜமாகவே பயந்துபோயிருந்தான், குரல் கம்மியது. பயந்தவன் செய்கிற மாதிரி எதையாவது பழக்கமானதைச் செய்ய வேண்டும் என்று பையைத் திறந்தான், டிபன் பாக்ஸை எடுத்தான், சட்னிக் கிண்ணத்தின் மூடியைத் திருகினான். "நீ சொன்னியேன்னு தொடவே இல்லை. பாரு, கெட்டுத்தான் போச்சா?" கிண்ணம் அவள் மூக்குக்கு நேராக வந்து நின்றது. அறைக்கதவில் நின்ற மோனிஷா "அப்பா" என்றாள், அவனுக்குக் கேட்கவில்லை. இந்திராணி அந்தக் கிண்ணத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். திருப்பி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "நீங்க பாருங்க." "என்ன இந்து..." "மோந்து பாத்துச் சொல்லுங்க." அவன் மோந்தான், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "புளிச்சுப் போச்சு." "புளிச்ச வாடை எப்படி இருக்கும்?" "எப்படின்னா?" "எனக்கு மறந்துபோச்சு. எப்படி இருக்கும், சொல்லுங்க." தயாளன் அவள் முகத்தைப் பார்த்தான், மூக்குத்தியைப் பார்த்தான், சிரிப்பதற்கு வாய் பாதி கோணி அப்படியே நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. "உனக்கு... இன்னுமா வரலை?" என்று கடைசியில் கேட்டான், ஏதோ நேற்றுதான் போன மாதிரி.

சொன்னதெல்லாம் சொன்னதுதான். கிண்ணத்தை அவன் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சமையலறையைக் காட்டினாள். "காபி வேணும்னா உள்ளே போய்ப் பாத்துட்டு வாங்க. மூணு பேரும்." மாமனார் ஏதோ சொல்ல வந்தார், பேத்தி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள், தயாளன் பின்னால் போனான். இந்திராணி எழுந்திருக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, மேடைக்குக் கீழே குனிகிற சத்தம், மாமனாரின் முழங்கால் கடகடக்கிற சத்தம், அப்புறம் மூன்று பேரும் மூச்சை இழுக்கிற சத்தம், ஒன்று மாற்றி ஒன்றாக, பழக்கமில்லாதவர்கள் செய்கிற மாதிரி உரக்க. "ஒண்ணும் இல்லை" என்றான் தயாளன் உள்ளேயிருந்து.

"நல்லாப் பாருங்க" என்றாள் இந்திராணி.